மூணு ரூம், ஒரு ஆச்சி, பதினாலு பங்காளி: காரைக்குடி பக்கம் ஒரு ஹோம்ஸ்டே

மொதல்லயே சொல்லிடுறேன், வீட்டு பேரு போட மாட்டேன். கிளம்புறப்போ ஆச்சியே கேட்டுக்கிட்டாங்க, "எழுதுறதுன்னா எழுதுங்க தம்பி, பேரு மட்டும் வேணாம், சனி ஞாயிறுக்கு இப்பவே வர்றவங்கள திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்கோம்"னு. அதுவும் போக நான் நாலு குறையும் சொல்லப்போறேன், அவங்க போட்ட பணியாரத்த தின்னுட்டு பேர் போட்டு குறை சொன்னா நல்லா இருக்காது. காரைக்குடிலேர்ந்து கொஞ்ச தூரத்துல ஒரு ஊரு, செட்டியார் வீடு, மூணே மூணு ரூம், அவ்ளோதான்.

நாங்க போனது சும்மா ஊர் சுத்த மட்டும் இல்ல. மன்னார்குடி பக்கத்துல எங்க தாத்தா வீடு ஏழு வருஷமா பூட்டி கெடக்கு, முற்றம் வச்ச ஓட்டு வீடு, வருஷத்துக்கு ஒருதடவ போய் கரையான் எங்க வரைக்கும் ஏறியிருக்குன்னு பாத்துட்டு வர்றதோட சரி. அத ஒரு பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் ஆக்கலாம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு நெனப்பு. என் வீட்டுக்காரம்மா "நீ காலைல எந்திரிக்கறதே எட்டு மணிக்கு, யாரு இட்லி அவிக்கிறது"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க, சரி இத ஏற்கனவே செஞ்சுக்கிட்டு இருக்கவங்க வீட்ல மூணு ராத்திரி தங்கி பாப்போம், அப்புறம் பேசுவோம்னு கிளம்பிட்டோம். அதனால இது பாதி ரிவ்யூ பாதி வேவு பாத்த கதைன்னு வச்சுக்கோங்க.

ரூம் வாடக ரெண்டு பேருக்கு காலை சாப்பாட்டோட 3500 ரூபா. ராத்திரி சாப்பாடு வேணும்னா மத்தியானம் மூணு மணிக்குள்ள சொல்லணும், சைவம் ஆளுக்கு 450.

போன அன்னைக்கே சொதப்பல். பல்லவன் எக்ஸ்பிரஸ்ல போய் எறங்குனா ராத்திரி ஆயிடும், அங்கேர்ந்து ஆட்டோ புடிச்சு மேப்ப பாத்து போனா ஒரு பெரிய கதவு முன்னாடி கொண்டு போய் விட்டுச்சு, மணி அடிச்சா சத்தமில்ல, போன் அடிச்சா எடுக்கல, தெருவுல ஒரு லைட்டு கூட இல்ல, ஒரு நாய் மட்டும் எங்கள சுத்தி சுத்தி வந்து பாத்துட்டு போர் அடிச்சு போயிடுச்சு. இருவது நிமிஷம். அப்புறம் வீட்டுக்கார ஐயா டார்ச்சோட வந்து "பின்வாசல்ல வந்து நிக்கிறீங்களே"ன்றார். அந்த ஊர் வீடுங்க ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது, முகப்பு அங்க, அடுப்படி இங்க. மேப்புல இடத்த குறிச்சவரு பின்வாசல்ல குறிச்சு வச்சிருக்காரு, வர்ற எல்லாரும் இதே மாதிரி வந்து நிக்கிறாங்களாம். எல்லாரும் நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா மாத்த வேண்டியதுதானே சார்? மகன் சிங்கப்பூர்லேர்ந்து வந்து மாத்துவானாம்.

வீட்ட பத்தி ரொம்ப வர்ணிக்க போறதில்ல, அந்த பக்கத்து வீடு படம் பாக்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. பர்மா தேக்கு தூணு, முற்றம் சுத்தி வளவு, அதாவது ரூமுங்க வரிசையா இருக்க உள்கட்டு, சுண்ணாம்போட முட்ட வெள்ளைக்கருவெல்லாம் கலந்து பூசுன சுவரு. அந்த சுவத்துல மே மாசத்துல கன்னத்த வச்சா மண்பானைல வச்ச மாதிரி ஜில்லுன்னு இருக்கு, நான் ரெண்டு தடவ வச்சேன், யாரும் பாக்கல. தரை ஆத்தங்குடி கல்லு. அத கண்ணாடி மேல கலர் சிமெண்ட்ட ஊத்தி கையால செய்றாங்க, சூளைல சுடுறதே இல்ல, கண்ணாடிய எடுத்தா வர்ற வழவழப்புதான் பாலிஷ். ஆச்சி ஒரு மூலைய காமிச்சாங்க, நாலு கல்லு மட்டும் வெளிறி சொரசொரன்னு இருந்துச்சு, புதுசா வேலைக்கு வந்த பொண்ணு பாத்ரூம் ஆசிட்ட ஊத்தி கழுவிட்டாளாம். "அன்னைக்கு நான் சாப்பிடல தம்பி"ன்னாங்க, காமெடி பண்றாங்கன்னு நெனச்சேன், இல்ல, நெஜமாவே சாப்பிடலயாம்.

இப்ப ரூமுக்கு வரேன். பாக்க அழகா இருக்கும், தங்க கொஞ்சம் யோசிக்கணும். அந்த ரூமுங்க விருந்தாளி தங்கறதுக்கு கட்டுனதே இல்ல, ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணுன்னு ஒதுக்கி சீர் சாமான் வச்சு பூட்டுறதுக்கு கட்டுனது. அதனால வளவ பாத்து ஒரு கதவு, அதத் தவிர காத்துக்கு வழி கம்மி. ஏசி போட்டிருக்காங்க, நல்லா வேலை செய்யுது. ஆனா பாத்ரூம்தான் விஷயமே. பழைய வீட்ல ரூமோட பாத்ரூம் கெடையாதுல்ல, அதனால ஒரு ரூமுக்கு பாத்ரூம் வேணும்னா பக்கத்து ரூம காவு குடுக்கணும். ஆறு ரூம் இருந்தது மூணாச்சு. நம்ம ஊர்ல பழைய வீட்ட வச்சிருக்கவங்க எல்லாம் "எட்டு ரூம் இருக்கு, எட்டு இன்டு மூவாயிரம்"னு கணக்கு போடுவோம்ல, அந்த கணக்கு பாத்ரூம் வாசல்லயே பாதியாயிடும்.

சுடுதண்ணி சோலார். காலைல ஆறு மணிக்கு பிள்ளையார்பட்டி கிளம்பணும்னு குளிக்க போனா பச்சத்தண்ணி தான் வருது, முந்தின நாள் தண்ணிய ராத்திரியே மத்த ரூம்காரங்க காலி பண்ணிட்டாங்க. கீசர் இருக்கறது ஒரு ரூம்ல மட்டும். இத புக் பண்றப்பவே சொல்லிருக்கலாம். ஒய்ஃபை முகப்புல மட்டும் எடுக்கும். டிவி கெடையாது, அதுக்காக ஒருத்தர் ஆன்லைன்ல ஒத்த ஸ்டார் போட்டிருக்காரு, ஐயாவுக்கு அது இன்னும் ஆறல. கொசுவலை குடுக்குறாங்க, வாங்கி கட்டிக்கோங்க. அப்புறம் மயிலு. காலைல அஞ்சு மணிக்கு ஓட்டு மேல நின்னு கத்துது, படத்துல காட்டுற மயில் சத்தம்லாம் இல்ல, யாரோ குழந்தைய அடிக்கிற மாதிரி கத்துது. இத குறைன்னு எழுதலாமான்னு தெரியல, எழுதிட்டேன்.

ஆனா காலை சாப்பாடு இருக்கே. மொத நாள் இடியாப்பம், கத்தரிக்கா கோசமல்லி. ரெண்டாவது நாள் வெள்ளைப் பணியாரமும் மிளகா சட்னியும். நான் வேவு பாக்க வந்தவன்ல, அஞ்சரைக்கே அடுப்படில போய் நின்னுட்டேன், மயில்தான் எழுப்பி விட்டுடுச்சே. பச்சரிசிய ஒரு டம்ளர்ல தலைதட்டி அளந்து, அதுக்கு மேலயே உளுந்த கோபுரமா நிக்கிற வரைக்கும் வைக்கிறது, அதுதான் அளவு, கிராம் கணக்கெல்லாம் இல்ல. ஊற வச்சு வெண்ணெய் மாதிரி ஆட்டி, கரண்டில எடுத்து எண்ணெய்ல ஒண்ணே ஒண்ணு ஊத்துறாங்க, அது அடில போய் மேல வந்து ஓரம் சுருங்கி நடுவுல உப்புது, திருப்பி போட்டு செவக்க விடாம வெள்ளையாவே எடுக்குறாங்க, அப்புறம்தான் அடுத்தது. ஆறு பேருக்கு ஆளுக்கு நாலுன்னா இருவத்திநாலு தடவ நின்னு ஊத்தணும். ஆச்சிக்கு அறுவத்தி மூணு வயசு. "மெஷின்ல வராதா ஆச்சி"ன்னு கேட்டேன், என்ன ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க.

பணியாரம் சாப்பிட்ட சந்தோஷம் அன்னைக்கு மத்தியானம் வரைக்கும்தான். திருமயம் கோட்டைக்கு போய்ட்டு வெயில்ல வெந்து திரும்பி வந்தா எங்க பெட்டிய தூக்கி வெளிய பெஞ்சு மேல வச்சிருக்காங்க. என்னன்னு கேட்டா பங்காளி ஒருத்தர் கோயம்புத்தூர்லேர்ந்து குடும்பத்தோட வந்துட்டாரு, அது அவங்க பங்கு ரூமு, நீங்க மாடிக்கு போங்கன்றாங்க. மாடி ரூம்ல ஏசி கெடையாது, வாடகைக்கு விடுறதே இல்ல. எனக்கு வந்துச்சே கோவம். 3500 ரூபா ரூமுக்கு காசு குடுத்துட்டு மொட்ட மாடிக்கு கீழ ஃபேன் காத்துல வேகணுமா? என் வீட்டுக்காரம்மா கைய புடிச்சு இழுத்து உக்கார வச்சாங்க. ஐயா வந்து பேச்சே எடுக்காம அன்னைக்கு வாடகைல 1500 கழிச்சுட்டாரு, ராத்திரி சாப்பாட்டுக்கும் காசு வாங்கல. ஆனாலும் பெட்டிய கேக்காம தூக்குனது தப்பு தப்புதான், இத அவர்கிட்டயே சொன்னேன்.

அன்னைக்கு ராத்திரி திண்ணைல உக்காந்துதான் உண்மையான கத வெளிய வந்துச்சு. அந்த வீடு ஐயாவோடது மட்டும் இல்ல, பதினாலு பேருக்கு பங்கு இருக்கு. ஒருத்தர் மலேசியா, ரெண்டு பேர் சென்னை, ஒருத்தர் எங்க இருக்காருன்னே தெரியாம தேடி புடிச்சிருக்காங்க. எல்லார்கிட்டயும் முத்திரைத்தாள்ல கையெழுத்து வாங்கவே ரெண்டு வருஷம். அதுல ஒரு நிபந்தன, பங்காளி யாரு எப்ப வந்தாலும் ரூம் குடுக்கணும், படைப்பு (முன்னோர கும்பிடுற குடும்ப சடங்கு), கல்யாணம்னா வீட்டையே காலி பண்ணி குடுக்கணும். அந்த நாளுக்கெல்லாம் புக்கிங்க முன்னாடியே அடைச்சிடுறாங்க, ஆனா சொல்லாம கொள்ளாம வர்றவர என்ன பண்றது? அவர் பாட்டன் பர்மாவுக்கு போய் சம்பாதிச்சு கட்டுன வீடு, 1942ல ஜப்பான்காரன் வந்தப்போ எல்லாத்தையும் அங்க விட்டுட்டு வந்தவரு, மிஞ்சுனது இந்த கல்லும் தேக்கும்தான், அதுல பேரன் வந்து நின்னா ரூம் இல்ல, ஆளு தங்கியிருக்காங்கன்னு எந்த வாயால சொல்லுவாரு. எனக்கு புரிஞ்சுது. முதுகு மட்டும் ராத்திரி பூரா வேர்த்துச்சு.

அப்புறம் கணக்கு கேட்டேன், கூச்சப்படாம சொன்னாரு, மனுஷன் பேங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. மூணு ரூமுன்னா வருஷத்துக்கு 1095 ராத்திரி இருக்கு, அதுல நெறையிறது முந்நூறு. வெள்ளி சனி, டிசம்பர், பொங்கல், அப்புறம் குளிர் மாசத்துல வர்ற ஃப்ரெஞ்சுக்காரங்க. ஏப்ரல் மே ஜூன் ஈயோட்டணும், நாங்க போனதே அப்பதான். முந்நூறு ராத்திரிக்கு பத்தரை லட்சம். பாதி புக்கிங் ஆன்லைன் சைட் வழியா, அதுக்கு கமிஷன் நூத்துக்கு பதினெட்டு. ரெண்டு பொம்பளைங்க சம்பளம், ரெண்டு மாசத்துக்கு ஒருதடவ கரெண்ட் பில்லு பதினஞ்சாயிரம், மளிக, சோப்பு, ரிப்பேரு. அதுக்கு மேல வருஷம் ஒரு லட்சம் வீட்டு நிதில போடணும்னு பங்காளிங்க ஒப்பந்தம், ஓடு மாத்த. எல்லாம் போக மாசம் முப்பதாயிரத்துக்கு கொஞ்சம் கீழ நிக்குது. ரெண்டு பேர் லீவு இல்லாம உழைக்கிறதுக்கு. நான் ஒண்ணும் பேசல.

பேப்பர் வேலை நான் பயந்த அளவுக்கு இல்ல. மத்திய டூரிஸம் துறையோட பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்துல ஆறு ரூம் வரைக்கும் சேத்துக்குவாங்க, கோல்டு சில்வர்னு ரெண்டு தரம், முக்கியமா வீட்டுக்காரங்க அங்கயே குடியிருக்கணும். இந்த கடைசி வரியிலயே என் மன்னார்குடி கனவு பாதி போச்சு, நான் இருக்கறது சென்னைல. சமையலுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேணும். வெளிநாட்டுக்காரங்க தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள பாஸ்போர்ட் விசா விவரத்த ஆன்லைன்ல ஏத்தணும், சி ஃபார்ம்னு சொல்லுவாங்க, அத மட்டும் மறக்கவே கூடாதுன்னாரு. ஒருதடவ ஊர்ல நெட்டு போய் காரைக்குடி வரைக்கும் ஸ்கூட்டர்ல போய் ஏத்திட்டு வந்திருக்காரு, அதுவும் மழைல.

படுக்க விரிப்பு எல்லாம் வெள்ளை. ஏன் இந்த வம்பு, நம்ம ஆளுங்க தலைல எண்ணெயும் நெத்தில குங்குமமுமா வருவாங்களேன்னு கேட்டேன். வெள்ளைன்னா சோடா உப்பு போட்டு கொதிக்க வச்சிடலாம், கலர்னா கறை நின்னுபோகும்னாங்க ஆச்சி. கட்டிலுக்கு மூணு செட்டு, ஒண்ணு விரிச்சது, ஒண்ணு தொவைக்கிறது, ஒண்ணு பீரோல. தலகாணி உறை மட்டும் அஞ்சு. ஹேர் டை போட்டுட்டு வந்து படுக்கறவங்கள பத்தி அவங்க சொன்னத இங்க எழுத முடியாது.

சரி, போகலாமா வேணாமான்னா, போங்க. குழந்தைங்க, வயசானவங்க இருந்தா கீசர் இருக்க ரூம்தான் வேணும்னு போன்லயே கேட்டு வாங்கிக்கோங்க, படி ஒவ்வொண்ணும் முழங்கால் உயரம். அந்த தேதில படைப்பு, கல்யாணம் எதுவும் இருக்கா, பங்காளி யாராச்சும் வர்றாங்களான்னு வாய விட்டு கேளுங்க, கேட்டா மறைக்க மாட்டாங்க. முகப்பு எந்த தெருன்னும் கேளுங்க. கையில கொஞ்சம் காசு வச்சுக்கோங்க, வளவுக்குள்ள சிக்னல் இல்லாம யுபிஐ சுத்திக்கிட்டே இருக்கும். ஒருநாள் தங்கிட்டு ஓடுறவங்களுக்கு இது சரிவராது, ரெண்டு காலை சாப்பாடாவது சாப்பிடணும். அஞ்சுக்கு நாலு ஸ்டார், பெட்டிய தூக்குனதுக்கு ஒண்ணு கழிச்சுட்டேன்.

எங்க தாத்தா வீட்டுக்கு பங்கு பதினாலெல்லாம் இல்ல, நாலுதான், அப்பா, சித்தப்பா, ரெண்டு அத்தை. ஊர் திரும்புற ரயில்லயே சித்தப்பாவுக்கு வாட்ஸப்ல ஒரு பாரா அடிச்சு விட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்து பதினோரு நாள் ஆச்சு. நேத்து ஒரு குட் மார்னிங் படம் மட்டும் அனுப்பியிருக்காரு, ரோஜாப்பூ போட்டது.