டேங்க் தலைமேல் இருக்கும் பெட்ரோல் ட்யூப்: ஆர்9 ஹோஸ் வாங்கலாமா?

கார்பரேட்டர் காலத்து மாருதி 800-இல் இன்ஜின் பக்கத்து பெட்ரோல் ட்யூபைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பின்னால் டேங்க் நிப்பிளிலிருந்து (ட்யூப் மாட்டும் குழாய் மூக்கு) அடிப்பைப்புக்கு வரும் சின்னத் துண்டுதான் பெரும்பாடு. டேங்க்குக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே கை நுழையாது. டேங்கை இறக்கினால்தான் கிளிப்பில் ஸ்க்ரூடிரைவர் வைக்க முடியும். ஒரு சாண் ட்யூபுக்கு இத்தனை வேலை என்றால், அங்கே போடுவது கடையில் கிடைப்பதிலேயே நல்லதாக இருக்க வேண்டும். எஸ்ஏஈ ஜே30 என்ற பெட்ரோல் ஹோஸ் தர விதியின் ஆர்9 ரக ஹோஸ் அதற்குத் தகும். சாதா ட்யூபைவிடப் பல மடங்கு விலை. ஆனாலும் வாங்குங்கள்.

காரணம் இன்றைய பெட்ரோல். 2023-இல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய இ20-இல் 20 சதவீதம் எத்தனால். மட்டமான நைட்ரைல் ரப்பரை அது ஊறவைத்து உப்பச் செய்யும். வண்டி மாதக்கணக்கில் நின்று காய்ந்தால் அதே ரப்பர் விறைத்து விரிசல் விடும். கழற்றிய பழைய ட்யூபைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: வெளியே ஒரு கீறல் இருக்காது, உள்சுவர் வீங்கித் தீக்குச்சி நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். நகத்தால் அழுத்தினால் கரித்துகள் உதிரும். அந்தத் துகள்தான் கார்பரேட்டர் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையில், போய் அடைக்கிறது.

ஆர்9-இன் உள்சுவர் எஃப்கேஎம் என்ற ஃப்ளோரின் ரப்பர். எத்தனால் அதை ஒன்றும் செய்யாது. அதே விதியின் சாதாரண ரகமான ஆர்7-இல் சுவர் வழியே ஆவி கசிய விதி அனுமதிக்கும் அளவு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 550 கிராம். ஆர்9-க்கு 15 கிராம். மூடிய ஷெட்டில் காலையில் கதவைத் திறந்ததும் வாடை அடிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். ஆர்9 100 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் என்பது நமக்குத் தேவையில்லாத பெருமை; மெக்கானிக்கல் பம்ப் தருவது ஒற்றை இலக்கம்தான்.

பின்பக்க ட்யூப் பம்ப்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் விரிசல் விட்டாலும் பெட்ரோல் சொட்டுவதைவிடக் காற்றை உள்ளே இழுப்பதே அதிகம். காலையில் பத்து தடவை செல்ஃப் அடிக்க வேண்டும், ஈசிஆரில் வேகம் பிடித்தால் வண்டி திணறும். தரையில் ஈரம் இல்லாததால் பழி பம்ப் மேல் விழும், நல்ல பம்ப்பைக் கழற்றிப் போடுவார்கள். பம்ப்புக்கு முன்னால் கண்ணாடி போன்ற ஃபில்டர் ஒன்றை மாட்டி ஓட விட்டால் குமிழி வருவது தெரியும்.

வாங்கும்போது ஏமாற வாய்ப்பு உண்டு. ஆர்9 என்று அச்சடித்து உள்ளே வெறும் நைட்ரைல் வைத்த சரக்கும் சந்தையில் ஓடுகிறது. வெட்டுமுகத்தில் உள்சுவர் தனி அடுக்காகத் தெரிய வேண்டும்.   நிப்பிளை வெர்னியரில் அளந்து வாங்க வேண்டும். ஃபீடும் (இன்ஜினுக்குப் போவது) ரிட்டர்னும் (மிச்சம் டேங்குக்குத் திரும்புவது) ஒரே அளவு என்று நினைத்துவிடக் கூடாது.

கடலூர்க்காரர்கள் புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் விலை குறைவு என்று டேங்கை நிரப்பிக்கொள்வது வழக்கம். இந்த வேலைக்கு முன் அது வேண்டாம். டேங்க் காலியாக இருந்தால்தான் ஒருவர் தனியாக இறக்க முடியும். திறந்த வெளியில் நிறுத்தி, பேட்டரி நெகடிவைக் கழற்றி, பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளழுத்தத்தை விட்டுவிடுங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒயரில் தொங்கும் குண்டு பல்பு அடியில் கூடவே கூடாது. டேங்கை ஜாக்கில் தாங்கி முதலில் கொஞ்சம் மட்டும் இறக்கி, ஃபீட், ரிட்டர்ன், பிரீதர் (காற்று போக்கு) ட்யூபுகளுக்கு வெவ்வேறு நிற டேப் சுற்றுங்கள். மாற்றி மாட்டினால் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது கொடுமை.

பழைய ட்யூபை இடுக்கியால் பிடித்துத் திருகாதீர்கள். டேங்க் கெடுவது இந்த இடத்தில் எளிது: நிப்பிள் மெல்லிய தகட்டோடு ஒட்டவைக்கப்பட்டது, திருகினால் ஒட்டு விட்டுப்போகும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். நிப்பிளில் கீறல் விழாதபடி கை லேசாக இருக்கட்டும். துருவை 400 நம்பர் எமரியால் துடைத்து, ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, புது ஹோஸை 25 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். கிளிப் நிப்பிளின் மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல.

ஆர்9-இன் குறை, அதன் விறைப்பு. சுவர் தடிமன் அதிகம் என்பதால் பழைய கிளிப் பத்தாது. குறுகிய வளைவில் மடிந்து வழியை அடைத்துக்கொள்ளும். பழைய ட்யூபைவிட ஓரிரு சென்டிமீட்டர் நீளம் விட்டு, வளைவை அகலமாக்குங்கள். டேங்கை மேலேற்றும்போது நசுங்குகிறதா என்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள்.

கிளிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். பல் போட்ட பட்டைக் கிளிப் இந்தச் சின்ன அளவில் ரப்பரை அறுக்கும்; ஓரம் மடித்த, நட்டு போல்ட்டு வைத்த ஃப்யூயல் கிளிப்தான் சரி. கடலோர உப்புக் காற்றில் இன்னொரு தொல்லை: பட்டை ஸ்டெயின்லெஸ், ஸ்க்ரூ மட்டும் சாதா இரும்பு. கடையிலேயே காந்தம் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டால் அது துருப்பிடிக்கும் ரகமாக இருக்கலாம்; தலை கரைந்தால் திரும்பக் கழற்றுவது கடினம்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால், டேங்க் கீழே இருக்கும்போதே அடியில் தேங்கியதைக் கண்ணாடி ஜாடியில் வடித்துப் பாருங்கள். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு தனி அடுக்காகக் கீழே இறங்கியிருக்கும், பம்ப் முதலில் குடிப்பது அதைத்தான். பெட்ரோல் ஊற்றும் வாயில் இருக்கும் பெரிய ட்யூப் வெடித்திருந்தாலும் தண்ணீர் அந்த வழியாகப் போயிருக்கலாம். அது தனிச் சாமான், அந்த அளவில் ஆர்9 தேடி அலைய வேண்டாம்.

ஐந்து லிட்டர் ஊற்றி ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். முதல் நீண்ட ஓட்டம் முடிந்து வண்டி ஆறியதும் கிளிப்புகளை இன்னொரு கால் சுற்று இறுக்குங்கள். புது ரப்பர் அதற்குள் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.