இம்ப்ளான்ட் பல் வைத்த இடத்தில் ரத்தம் வந்தால் 'பழகிடும்' என்று சொல்வதை நம்பாதீர்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் இம்ப்ளான்ட் பல் வைக்க யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நடந்தது என் அம்மாவுக்கு.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும். அதனால் குன்னூரிலேயே ஒரு பல் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். தாடை எலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூ இறக்கி, அது எலும்போடு சேரச் சில மாதம் விட்டு, மேலே பல் வடிவில் கேப் ஒட்டினார்கள். பணம் முழுவதையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். அம்மாவுக்குச் சுகர் உண்டு என்று சொல்லியும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொல்லவில்லை. கேப் ஒட்டிய அன்று எக்ஸ்ரேயும் இல்லை. "இனி கவலையே இல்லம்மா, இதுல பூச்சி புடிக்காது" என்று அனுப்பிவிட்டார்கள்.

பூச்சி பிடிக்காதுதான். ஆனால் சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் அம்மாவுடையதாயிற்றே!

கொஞ்ச நாளில் பல் தேய்த்தால் ரத்தம். போய்க் கேட்டால், "புதுசுல அப்படித்தான், பழகிடும், உப்புத்தண்ணி கொப்புளிங்க" என்றார்கள். வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வலி இல்லாததால் அம்மாவும் நம்பினார். அப்புறம் ஒருநாள் ஈறை அழுத்தியபோது கேப் ஓரத்தில் சீழ் துளிர்த்தது.

கோவையில் ஈறு நிபுணர் ஒருவரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு கிண்ணம்போல் குழிந்திருந்தது. ஈறைத் திறந்து, கேப் ஒட்டியபோது வழிந்து உள்ளே தங்கிய சிமென்ட்டை எடுத்தார். பஞ்சின் மேல் அரிசி நொய் அளவில் கெட்டியான துணுக்குகள். அதில் அழுக்கும் கிருமியும் சேர்ந்துதான் இத்தனையும்.

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நார்த்திசு உண்டு; இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. ஈறும் அதைச் சொந்தப் பல்லைப்போல் இறுகப் பிடிக்காது. அதனால் புண் சீக்கிரம் எலும்புக்கு இறங்கிவிடும், வலியோ பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியும். ஈறு மட்டும் வீங்கியிருக்கும்போதே சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்றார் டாக்டர். எலும்பு கரைந்த பிறகு அதை முழுதாக மீட்பது கஷ்டம். எனக்கு ஆத்திரம் இதில்தான். முதலில் ரத்தம் வந்தபோதே பார்த்திருந்தால் போதும்.

குன்னூரில் போய்க் கேட்டதற்கு, "நீங்க சரியா தேய்க்கல" என்று அம்மாவையே குற்றம் சொன்னார்கள். பல் இடுக்கில் விடும் சின்ன பிரஷ் என்று ஒன்று இருப்பதே கோவையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே கண்ணாடியைக் கையில் கொடுத்து, எப்படி விட வேண்டும் என்று அம்மாவையே செய்யவைத்தார்கள்.

எனவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வீர்களா? சிமென்ட் இல்லாமல் ஸ்க்ரூவால் முடுக்கும் கேப் எனக்குச் சரிவருமா? கேப் மாட்டிய அன்றே எக்ஸ்ரே எடுத்து ஒரு பிரதியை வாங்கி வையுங்கள். பின்னால் எலும்பு குறைந்ததா என்று ஒப்பிட அதுதான் ஆதாரம். இம்ப்ளான்ட் கம்பெனி பெயரும் அளவும் உள்ள ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

அம்மாவின் ஸ்க்ரூ இப்போதைக்கு நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோவை போய்ச் சுத்தம் செய்துவிட்டு வருகிறோம். என்ன கம்பெனி ஸ்க்ரூ என்று அங்கே கேட்கிறார்கள். குன்னூரில் அந்த ஸ்டிக்கரை இன்னும் தரவில்லை.