புதுச்சேரியில் ஸ்கூபா: மணல் தரைக்காகவே மூழ்கலாம்

நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் துணையோடு கடலுக்குள் அழைத்துச் செல்லும் ஸ்கூபா மையங்கள் புதுச்சேரியில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் அண்மையில் மூழ்கினேன். அந்தமானின் பவளப்பாறைகளை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான்; நான் இறங்கிய இடத்தில் பெரும்பாலும் மணல். ஆனால் இந்தப் பயணத்தில் காசு கொடுத்துப் பார்க்கத்தக்கது அந்த மணல்தான் என்பேன்.

சுமார் 10 மீட்டர் ஆழத்தில் தரை முழுவதும், ஏறத்தாழக் கரைக்கு இணையாக, வரிவரியாக மணல் மேடுகள் ஓடுகின்றன. மேலே கடந்துபோகும் அலை நீரை வட்டமாக அசைக்கிறது. அந்த வட்டம் ஆழம் செல்லச் செல்லச் சிறுத்து, தரையை நெருங்கும்போது தட்டையாகி, முன்னும் பின்னுமான வெறும் அசைவாக மாறிவிடுகிறது. அந்த அசைவு போதிய வேகம் பெற்றதும் மணல் புரளத் தொடங்கிச் சிறு முகடுகளாகத் திரள, முகட்டைத் தாண்டும் நீர் அதன் மறுபுறம் சுழித்துப் பள்ளத்து மணலை வாரி மேலே சேர்க்கிறது. இது இருபுறமும் மாறிமாறி நடப்பதால் இரண்டு சரிவுகளும் ஒத்திருக்கின்றன. ஒரே திசையில் நீரோட்டம் இழுக்கும் இடத்தில் நிலைமை வேறு: நீர் வரும் பக்கம் நீண்ட சாய்வு, போகும் பக்கம் செங்குத்து. 8 வினாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 100 மீட்டர். அதில் பாதி ஆழம் வரை அதன் அசைவு எட்டும் என்பதால், 10 மீட்டர் தரையில் இத்தனை வரிகள் இருப்பதில் வியப்பில்லை. கிடந்த பாறைகளின் அடியில் மட்டும் குழிகள். தடையைச் சுற்றி நீர் விரைந்து ஓடி அரித்தவை அவை.

காது அழுத்தத்தைச் சரிசெய்யும் முறையையும் கைச்சைகைகளையும் பயிற்சியாளர் பொறுமையாகக் கற்பித்தார்; கருவிகளும் சுத்தமாக இருந்தன. குறை ஒன்று உண்டு. படம் எடுப்பதற்காக அனைவரையும் தரையில் மண்டியிட வைத்ததால், வரிகள் கலைந்து நீரும் கலங்கிவிட்டது. படகில் தந்த விளக்கத்திலும் தரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் எழுந்த துறைமுகத் தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்து, நகரக் கடற்கரையையே கரைத்த கதை இவ்வூரில் யாருக்குத் தெரியாது? அதே மணலின் நடமாட்டத்தைக் கண்ணெதிரே காட்டும் வாய்ப்பை ஏன் வீணாக்க வேண்டும்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீரும் சேர்ந்து கடல் கலங்குவதால் அப்போது முன்பதிவு செய்யாதீர்கள். மற்ற மாதங்களில் போகிறவர்கள், படம் எடுப்பதற்கு முன்பே மணல் தரைக்கு மேலாகச் சில நிமிடங்கள் மிதக்க விடுமாறு பயிற்சியாளரிடம் படகிலேயே கேட்டுக்கொள்ளலாம்.