வீட்டுக்கு வாங்கிய குழாய்கள்: இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

வலங்கைமான் பக்கத்தில், குடமுருட்டிப் பாசனத்துக்கு உட்பட்ட எங்கள் ஊரில் வீடு கட்டிக் குடியேறி இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. தரைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நூறு பேர் யோசனை சொன்னார்கள். சுவருக்குள் போகும் குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூச்சு பூசி ஓடு ஒட்டிய பிறகு இடித்தால் மட்டுமே திருத்தக்கூடிய பொருள் அது என்பதால், நாங்கள் எதை வாங்கினோம், அது எப்படி உழைத்தது, எங்கே தவறினோம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒதுக்கியது ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை. என் மனைவியின் பிறந்த வீடு வேதாரண்யத்தில் இருக்கிறது. அந்த வீட்டின் பழைய ஜி.ஐ. குழாயைக் கழற்றியபோது, முக்கால் அங்குலக் குழாயின் உள்ளே துரு கட்டி கட்டியாக ஏறி, சுண்டுவிரல் நுழையும் வழிகூட மிஞ்சவில்லை. துத்தநாகப் பூச்சு இருக்கும்வரைதான் அந்த இரும்புக்குக் காவல். உப்பு கலந்த நிலத்தடி நீரும் கடற்காற்றும் அந்தப் பூச்சை அரித்துவிட்டால் பிறகு தடுப்பார் இல்லை. எங்கள் ஊர்த் தண்ணீர் அவ்வளவு உப்பில்லை என்றாலும், சுவருக்குள் துருப்பிடிக்கும் ஒரு பொருளைப் புதைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது யு.பி.வி.சி., அதாவது விறைப்பான பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய். டெல்டாவில் பைப் கடை என்றாலே அது பெரும்பாலும் வயலுக்கும் போர் மோட்டாருக்கும் குழாய் விற்கும் கடைதான். வயலுக்கு வாங்கியதில் மிஞ்சியதை வீட்டுக்கும் போட்டுவிடும் வழக்கம் இங்கே உண்டு. எங்கள் கொத்தனாரும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 4985 தரத்தில் வரும் குழாய்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோ, 4 கிலோ, 6 கிலோ, 10 கிலோ என்று தாங்கும் அழுத்தத்தின்படி அவை வகை பிரிக்கப்பட்டுள்ளன. வயலில் கிடப்பது பெரும்பாலும் மெல்லிய வகை. அதோடு, அந்தத் தரம் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தண்ணீருக்கே உரியது. கீசரிலிருந்து வரும் வெந்நீருக்கு அது பொருந்தாது. குடிநீருக்கு இன்னொரு கவலையும் உண்டு. பி.வி.சி. குழாய்த் தயாரிப்பில் ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பதைப் படிப்படியாக நிறுத்துவதற்கு மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் தனி விதிகளை வெளியிட்டது. வீட்டில் கிடக்கும் பழைய குழாயின் வயது தெரியாதபோது அதை அடுப்படிக்குக் கொண்டுவருவதை நான் ஏற்கவில்லை. ஆகவே போரிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் வழிக்கு மட்டும், புதிதாக வாங்கிய 10 கிலோ யு.பி.வி.சி. குழாயைப் பயன்படுத்தினோம். அந்த வேலைக்கு அது போதும்; இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்குள் முழுவதும், வெந்நீரையும் தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போட்டோம். ஐ.எஸ். 15778 என்ற எண் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும், அதனுடன் எஸ்.டி.ஆர். 11 அல்லது 13.5 என்றும் இருக்கும். கடைக்காரர்கள் இந்த எண்ணைப் பெரிதாக விளக்குவதில்லை. குழாயின் வெளிவிட்டத்தைச் சுவர்க் கனத்தால் வகுத்தால் வருவதுதான் எஸ்.டி.ஆர். முக்கால் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர், 11-ஆல் வகுத்தால் கனம் சுமார் 2 மில்லிமீட்டர், 13.5-ஆல் வகுத்தால் சுமார் 1.65 மில்லிமீட்டர். எண் சிறியதாக இருந்தால் குழாய் கனமானது. எஸ்.டி.ஆர். 11 குழாய் 23 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு 28 கிலோ வரையும், 82 டிகிரியில் 7 கிலோ வரையும் தாங்கும் என்பது அதன் கணக்கு. எங்கள் தொட்டி கீழ்த்தளக் குழாய்களுக்கு மேல் ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதனால் வரும் அழுத்தம் ஒரு கிலோவைக்கூட எட்டாது. அப்படியிருந்தும் வெந்நீர் வழிக்கு எஸ்.டி.ஆர். 11 எடுத்தோம். அழுத்தம் அதற்குக் காரணமில்லை. சூடு ஏறும்போது குழாய் தன் பலத்தில் முக்கால் பங்கை இழக்கிறது என்பதும், ஓடு ஒட்டும்போதும் ஆணி அடிக்கும்போதும் சுவருக்குள் இருப்பதற்குக் கொஞ்சம் கனம் வேண்டும் என்பதுமே காரணம்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய படிப்பினை பொருளில் இல்லை, இணைப்பில் இருந்தது. குழாய் முழுவதும் பொருத்தி முடித்ததும், கொத்தனார் மறுநாளே சுவரில் வெட்டிய காடியை மூடிப் பூச வேண்டும் என்று அவசரப்படுத்தினார். நான் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் முழுவதும் இணைப்புகளை உலரவிட்டு, கைப்பம்பு ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து, குழாய் வாய்களையெல்லாம் அடைத்து, 10 கிலோ அழுத்தம் ஏற்றினோம். கால் மணி நேரத்தில் அழுத்தமானியின் முள் இறங்கத் தொடங்கியது. தேடிப் பார்த்தபோது, மாடிக் குளியலறையில் ஒரு எல்போவின் (வளைவு இணைப்பின்) ஓரம் ஈரமாகியிருந்தது. பிளம்பர் அதை அறுத்தெடுத்துப் பார்த்தார்; உள்ளே சொல்யூஷன் என்னும் ஒட்டுப்பசை தடவிய அடையாளமே இல்லை. "உள்ளே போய் இறுகிப் பிடிச்சுக்கிச்சு சார், ஒட்டியாச்சுன்னே நெனச்சுட்டேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். சி.பி.வி.சி. இணைப்பின் உட்பக்கம் சற்றே குறுகிக்கொண்டு போவதால், ஒட்டாமல் செருகினாலும் குழாய் பிடித்துக்கொள்ளும். தொட்டியின் குறைந்த அழுத்தத்தில் பல மாதங்கள் ஒழுகாமலும் இருக்கும். பிறகு ஒருநாள் கழன்றுகொள்ளும். அந்தக் கைப்பம்பு இல்லாமல் பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது. அந்தப் பிளம்பர் கைத்திறன் உள்ளவர். குறை அவருடைய திறமையில் இல்லை, சோதிக்காமல் மூடும் வழக்கத்தில் இருக்கிறது.

சொல்யூஷனிலும் கவனம் வேண்டும். யு.பி.வி.சி.-க்கு உரியதைச் சி.பி.வி.சி.-யில் தடவக்கூடாது, டப்பாவின் மேல் எந்தக் குழாய்க்கு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வேலையாளிடம் கொடுங்கள். திறந்து வைத்துக் கெட்டியாகிப்போன டப்பாவைத் தின்னர் ஊற்றி இளக்குவதும் கூடாது. இரும்புக் குழாய்க் காலத்துப் பழக்கங்கள் இன்னும் நம் வேலையாட்களின் கையில் இருக்கின்றன: மரையில் சணல் நூல் சுற்றி வெள்ளைப் பெயின்ட் தடவுவது அவற்றில் ஒன்று. எண்ணெய் சார்ந்த பொருள்கள் சி.பி.வி.சி.-யை மெல்ல மெல்ல விரிசல் விடச் செய்யும் என்பதால் டெஃப்லான் டேப் மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். இதே காரணத்துக்காக, மண்ணெண்ணெயில் கலந்த கரையான் மருந்தும் குழாய் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. குழாய் முனையில் திருகுகுழாய் மாட்டும் இடங்களில் பித்தளை மரை பதித்த இணைப்புகளையே வாங்கினோம். விலை கூடுதல்தான், ஆனால் திருகுகுழாயைத் திருகி இறுக்கும்போது பிளாஸ்டிக் மரை பிளந்துபோகும் தொல்லை இல்லை.

பி.பி.ஆர். என்னும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் குழாயையும் யோசித்தோம். சுமார் 260 டிகிரி சூட்டில் இரண்டு முனைகளையும் இளக்கி ஒன்றாக்கும் முறை அது. சொல்யூஷனே வேண்டாம் என்பதால் நல்ல முறைதான். ஆனால் வெந்நீரில் அது சி.பி.வி.சி.-யைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளும்: 3 மீட்டர் நீளமுள்ள குழாய் 40 டிகிரி சூடேறினால் சி.பி.வி.சி. சுமார் 7.5 மில்லிமீட்டர், பி.பி.ஆர். சுமார் 18 மில்லிமீட்டர். நாளைக்கு ஒரு பழுது என்றால் அந்த இயந்திரத்தோடு வரும் ஆள் எங்கள் ஊரில் கிடைக்கமாட்டார் என்பதும் உண்மை. தாமிரம் எங்கள் கைக்கு எட்டவில்லை.

கழிவுநீர்க் குழாயில்தான் நாங்கள் ஏமாந்தோம். கழிவுநீருக்கும் மழைநீருக்குமான எஸ்.டபிள்யூ.ஆர். குழாயில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. ஐ.எஸ். 13592-இன்படி ஏ வகை மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும், பி வகை கழிப்பறைக் கழிவுக்கும் உரியவை. கும்பகோணத்தில் நாங்கள் வாங்கிய கடையில் 110 மில்லிமீட்டர் குழாய் என்று மட்டும் கேட்டோம். மெல்லிய ஏ வகையையே ஏற்றி அனுப்பினார்கள். இறக்கும்போது குழாய் கையில் அமுங்குவதைப் பார்த்துத்தான் எழுத்தைப் படித்தேன். திருப்பி எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்தக் கடையின் பெருந்தன்மை. கேட்காமலே சரியானதைக் கொடுத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. மற்றபடி அந்தக் கடையில் மிஞ்சிய இணைப்புகளை எண்ணிப் பார்த்துப் பணத்தைத் திரும்பக் கொடுத்தார்கள், ரசீதில் ஒவ்வொரு பொருளின் தரத்தையும் எழுதித் தந்தார்கள். அதற்காகவே மறுபடியும் அங்கே போவேன்.

மண்ணுக்குள் போகும் கழிவுக் குழாய்க்கு ஒட்டும் இணைப்பை விட்டுவிட்டு ரப்பர் வளைய இணைப்பைத் தேர்ந்தெடுத்தது எங்கள் ஊர் மண்ணை எண்ணித்தான். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் இந்தக் களிமண் ஊறி உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஒட்டிய குழாய் அந்த இழுப்புக்கு எங்காவது ஒரு மூலையில் விட்டுக்கொடுக்கும். ரப்பர் வளையத்தில் குழாயை முழுவதும் செருகி, அடையாளமிட்டு, 10 மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து விட்டால் அந்த இடைவெளி மண்ணின் அசைவை வாங்கிக்கொள்கிறது. பள்ளத்தில் ஆற்று மணல் பரப்பி, 40 அடிக்கு ஓர் அடி சரிவு கொடுத்துப் படுக்க வைத்தோம். சமவெளியில் இந்தச் சரிவைக் கண்ணால் பார்த்துக் கொடுக்க முடியாது. தண்ணீர் மட்டக் குழாய் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு குறை மிஞ்சியிருக்கிறது. மொட்டைமாடியில் தொட்டியிலிருந்து இறங்கும் சி.பி.வி.சி. குழாய்க்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று தெரிந்தும் முதல் கோடையில் தள்ளிப்போட்டேன். வெயில் பட்ட பக்கம் நிறம் மங்கி, நகத்தால் கீறினால் மாவுபோல உதிர்கிறது. அந்த நான்கு அடியை மட்டும் மாற்றிவிட்டு, தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு முறை அடிக்கப் போகிறேன்.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படம் எடுத்து வைத்திருந்தோம். சென்ற மாதம் அம்மா பிடித்துக்கொண்டு எழுவதற்காகக் குளியலறையில் கம்பி பொருத்த வேண்டியிருந்தது. துளையிட வந்தவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். வெந்நீர்க் குழாய், அவர் புள்ளி வைத்த இடத்திலிருந்து ஓர் அங்குலம்தான் தள்ளி இருந்தது. கம்பியை ஒரு சாண் மேலே ஏற்றி மாட்டினோம்.