கடலில் வரும் காரைப் போனில் தேடலாமா? கப்பல் மேப் தளங்கள் பற்றி, காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு

முன்பணம் கட்டியதும் முதலில் ஷோரூமில் கேட்க வேண்டியது இது: வண்டி முழுசாக இறக்குமதியா, இங்கே பூட்டியதா? பிஎம்டபிள்யூ மாடல்கள் பல செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையிலும், மெர்சிடிஸ் மாடல்கள் பல புனே அருகே சாக்கனிலும் பூட்டப்படுகின்றன. அந்த வண்டிகளுக்குக் கப்பல் தேடிப் பயனில்லை. சிபியு, அதாவது முழுசாக இறக்குமதி, என்று சொன்னால் மட்டும் மேலே படியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை கப்பலின் பெயரும் ஐஎம்ஓ எண்ணும். பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடுகின்றன. ஐஎம்ஓ எண் என்பது கப்பலுக்கென்றே கொடுக்கும் அடையாள எண், 7 இலக்கம். கப்பல் கைமாறினாலும் கொடி மாறினாலும் அது மாறாது. கப்பலின் ரேடியோவுக்கான 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண் கொடியோடு சேர்ந்து மாறிவிடும், அதை நம்பி எழுதி வைக்காதீர்கள். கார் ஏற்றும் கப்பலா என்பது பல நேரம் பெயரிலேயே தெரியும்: 'லீடர்' என்று முடிந்தால் பெரும்பாலும் என்ஒய்கே, 'ஏஸ்' என்றால் எம்ஓஎல், 'ஹைவே' என்றால் கே லைன்; மூன்றும் ஜப்பான் கப்பல் கம்பெனிகள். ஷோரூம் சொன்ன பெயரைப் போட்டால் 'கண்டெய்னர் ஷிப்' என்று வருகிறதா? அப்படியானால் உங்கள் வண்டி கண்டெய்னர் பெட்டிக்குள் வருகிறது. அதற்கு வழி வேறு, கீழே சொல்கிறோம்.

மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் என்ற இரண்டு கப்பல் மேப் தளங்களும் ஒரே சரக்கைத்தான் விற்கின்றன: ஏஐஎஸ் தகவல். 300 டன்னுக்கு மேற்பட்ட, வெளிநாடு போகும் எல்லாக் கப்பலிலும் ஏஐஎஸ் என்ற அடையாளக் கருவி கட்டாயம். ஓடும்போது சில விநாடிக்கு ஒரு தடவையும், நங்கூரம் போட்டு நிற்கும்போது 3 நிமிடத்துக்கு ஒரு தடவையும் அது தன் இடத்தை விஹெச்எஃப் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். கரையில் உள்ள ஆன்டெனாவுக்கு அது எட்டுவது சுமார் 40 கடல் மைல் வரைதான். அதனால் இலவசக் கணக்கில் பார்ப்பவருக்கு அரபிக்கடல் நடுவே கப்பல் காணாமல் போகும்; 'கடைசியாகக் கிடைத்தது 4 நாளுக்கு முன்' என்று மட்டும் காட்டும். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். நடுக்கடலிலும் பார்க்க சாட்டிலைட் சந்தா வாங்கச் சொல்வார்கள். ஒரு காருக்காக அது தண்டச் செலவு. கரை நெருங்கினால் தானாகவே தெரியும்.

இரண்டில் எது? கப்பலின் படம், முந்தைய துறைமுகங்கள், வந்து சேர்ந்ததும் மின்னஞ்சல் எல்லாம் வேண்டுமென்றால் மரைன்டிராஃபிக். ஆனால் கணக்குத் தொடங்கு, சந்தா கட்டு என்று தொணதொணக்கும். நெட் இழுக்கும் ஊரில் போனில் சட்டென்று பார்க்க வெசல்ஃபைண்டர் போதும். பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் இரண்டுக்கும் 7.

இரண்டிலும் ஏமாற்றுவது ஈடிஏ, அதாவது வந்து சேரும் உத்தேச நேரம். போகுமிடமும் சேரும் நேரமும் கப்பல் அதிகாரி கையால் தட்டிவிடுபவை. முந்தைய பயணத்தில் போட்ட ஊர்ப் பெயரை மாற்றாமலே பாதிக் கடல் கடந்துவிடுவார்கள். ஈடிஏவில் மாதம், நாள், மணி, நிமிடம் உண்டு, வருடம் கிடையாது. நேரமும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 'ஐஎன் எம்ஏஏ' என்றால் சென்னை, 'ஐஎன் இஎன்ஆர்' என்றால் எண்ணூர், 'ஐஎன் என்எஸ்ஏ' என்றால் மும்பை நவ சேவா. ஈடிஏவைப் பார்ப்பதைவிட நீங்களே கணக்குப் போடுங்கள்: 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகம் என்றால் ஒரு நாளைக்கு 384 கடல் மைல். மிச்சத் தூரத்தை அதால் வகுத்து, இடையில் நிற்கும் துறைமுகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் சேர்த்தால் ஓரளவு சரியாக வரும்.

தொண்டிக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். மேற்கிலிருந்து வரும் கப்பல் கன்னியாகுமரி தாண்டியதும் நேரே வடக்கே திரும்பாது. பாக் நீரிணையில் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. இலங்கைக்குத் தெற்கே தெவிநுவரை முனையைச் சுற்றித்தான் சென்னைக்கு ஏறும். மேப்பில் அம்புக்குறி கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் கப்பல் சிங்கப்பூருக்குப் போய்விட்டதாக நினைத்து ஷோரூமுக்குப் போன் போடாதீர்கள். தெவிநுவரையிலிருந்து சென்னைக்கு இன்னும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஐரோப்பாவிலிருந்து வரும் வண்டி ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றுவதாகத் தெரிந்தாலும் பிழையில்லை. 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் பிடித்த 'கேலக்ஸி லீடர்' ஒரு கார் கப்பல்தான், அதுவும் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பல கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டுச் சுற்றுவழி போயின. சுற்றினால் பத்து நாளுக்குக் குறையாமல் கூடும்.

பெட்டிக்குள் வரும் வண்டிக்கு மேப் தளம் உதவாது. கொழும்பிலோ மலேசியாவின் கிள்ளானிலோ பெட்டி வேறு கப்பலுக்கு மாறிவிடும். நீங்கள் பழைய கப்பலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட கண்டெய்னர் எண்ணைக் கப்பல் கம்பெனியின் சொந்தத் தளத்தில் போடுங்கள். 'டிஸ்சார்ஜ்டு' (இறக்கியாயிற்று), 'லோடட்' (ஏற்றியாயிற்று) என்று பெட்டிக்கு நடந்தது வரிசையாக வரும். மலேசியாவிலிருந்து வண்டியோடு ஊர் திரும்புவோருக்கு இந்த எண் கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கிலேயே இருக்கும். ஷோரூம் வழியாக வாங்குவோர் கேட்டுத்தான் வாங்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள்.

கப்பல் 'மூர்டு' (துறைமுகத்தில் கட்டியாயிற்று) என்று காட்டியதும் மேப்பின் வேலை முடிந்தது, காத்திருப்பு முடியவில்லை. இனி பார்க்க வேண்டியது சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளம். அழகு இல்லை, இலவசம், இந்த மூன்றில் உண்மையாகப் பயன்படுவது இதுதான்: 9 மதிப்பெண். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) எண், தேதி, துறைமுகம் மூன்றையும் கொடுத்தால் மதிப்பீடு ஆயிற்றா, வரி கட்டியாயிற்றா, 'அவுட் ஆஃப் சார்ஜ்' என்ற சுங்க விடுவிப்பு கிடைத்ததா என்று சொல்லிவிடும். 'பதிவு இல்லை' என்று வந்தால் பெரும்பாலும் துறைமுகத்தை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். ஷோரூமில் பொதுவாகச் 'சென்னை' என்பார்கள், கப்பல் எண்ணூரில் வந்து நிற்கும். சென்னைக்கு ஐஎன்எம்ஏஏ1, எண்ணூருக்கு ஐஎன்இஎன்ஆர்1.

'அவுட் ஆஃப் சார்ஜ்' வராமல் பிள்ளையார்பட்டியில் பூஜைக்கு நாள் குறிக்காதீர்கள். அதற்குப் பிறகும் யார்டு, பிடிஐ (ஒப்படைக்கும் முன் செய்யும் சோதனை), மதுரைக்கோ திருச்சிக்கோ லாரி, ரிஜிஸ்ட்ரேஷன் என்று வரிசையாக இருக்கின்றன. ஜூலை முதல் வாரத்தில் கப்பல் சென்னை தொடும் என்றால் ஆனிக்குள் வண்டி முகப்பில் நிற்கும் என்று ஆச்சியிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். ஆவணியில் நாள் பாருங்கள்.

வண்டியைக் கையில் வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். பயணத்துக்காகப் போட்டு வைத்த 'டிரான்ஸ்போர்ட் மோடு' எடுத்துவிட்டார்களா? எடுக்காவிட்டால் சில வசதிகள் வேலை செய்யாது. பேட்டரியின் வோல்டேஜ் என்ன? வாரக்கணக்கில் நின்ற வண்டி, 12.4-க்குக் கீழே இருந்தால் முழுசாகச் சார்ஜ் ஏற்றி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். டயர் காற்று? கப்பலுக்காகக் கூடுதலாக அடித்ததை அப்படியே விட்டிருப்பார்கள்; டிரைவர் கதவை அடுத்த ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்கிய பிறகு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுங்கள்.