காது இருந்தால் அது அகழெலி இல்லை: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என் அப்பாவின் இடது செருப்பை நான் இன்னும் தூக்கி எறியவில்லை. சுண்டுவிரல் பக்கம், ஓரமாக, அதில் ஒரு துளை இருக்கிறது. மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் அகழெலியை (ஆங்கிலத்தில் mole) பிடிக்கப் புல்தரையில் வைத்திருந்த ஈட்டிப் பொறியின் முள் இறங்கிய துளை. இன்னும் ஒரு விரற்கடை உள்ளே இறங்கியிருந்தால் எழுபத்தாறு வயது மனிதரின் பாதத்தைத் துளைத்திருக்கும். அந்தப் பொறியை வைத்தது நாங்கள் அல்ல. அதற்கென்றே பணம் வாங்கிக்கொண்டு வந்த பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆள் வைத்தார். வைத்ததை எங்கள் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே வேலையை வேறு பெயர்களிலும் செய்கிறார்கள். ஆகவே அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். உங்கள் வாசலில் அது நடக்கும்போது அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நான்கு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு காலையில் எங்கள் புல்தரையின் குறுக்கே ஒரு மேடு ஓடியிருந்தது. பாய்க்கு அடியில் தடித்த கயிற்றைப் போட்டு வைத்ததுபோல வளைந்து வளைந்து போனது. கால் வைத்தால் பொதுக்கென்று உள்ளே அமுங்கியது. மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் நடுப்புல்லில் கூம்பு கூம்பாக இரண்டு மண்குவியல்கள். அப்பா தினமும் விடியற்காலையில் அந்தப் புல்லில்தான் நடப்பார். தடுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவசரமாக ஆளைத் தேடினேன். வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்த ஒரு விளம்பரத் தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். அந்த அவசரத்தில் யாரிடமும் விசாரிக்கவில்லை. அது என் தவறு.

வந்தவர் மிகவும் பணிவாகப் பேசினார். புல்தரையின் ஓரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தார். குனியவில்லை, ஒரு மேட்டைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. "மேடம், உள்ளே ஒரு குடும்பமே இருக்கிறது. பதினைந்துக்குக் குறையாது" என்றார். நான் பயந்துபோனேன். பருவம் முழுவதற்குமான ஒப்பந்தம், பாதித் தொகை முன்பணம், பிடிபடும் ஒவ்வொரு பிராணிக்கும் தனிக் கட்டணம். தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் அகழெலி என்ற சொல்லே இல்லை. "நிலத்தடிப் பிராணிகள்" என்று மட்டும் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகவே பிறகு நான் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டிவந்தது.

அகழெலி தனியாக வாழும் பிராணி. இனச்சேர்க்கைக் காலத்தையும் தாய் குட்டிகளோடு இருக்கும் சில வாரங்களையும் தவிர ஒன்றையொன்று அண்டவிடாது. ஒரு ஏக்கருக்கு மூன்று முதல் ஐந்து இருந்தாலே அது மிக அதிகம். எங்கள் புல்தரை ஏக்கரில் மிகச் சிறு பகுதி. ஒரே ஒரு அகழெலி மணிக்கு நான்கைந்து மீட்டர் நீளத்துக்கு மேலோட்டமான வளையைத் தோண்டிக்கொண்டு போக முடியும் என்பதால், ஒன்று செய்யும் வேலை பத்து செய்ததுபோலத் தெரிகிறது. "பதினைந்து" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

முதல் வருகையில் அவர் மேடுகளில் ஓட்டை போட்டு நஞ்சு கலந்த தானியத்தைக் கொட்டினார். நான்கு மூலைகளிலும், மண்ணை அதிரவைத்து அகழெலியை விரட்டுமென்று, அதிர்வுக் குச்சிகளை நட்டார். இரண்டாம் வருகையில் வேர்ப்புழுக்களைக் கொல்லும் மருந்தைப் புல்தரை முழுவதும் தூவினார். ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது. அகழெலி தானியம் தின்னாது. அது எலி இனமே இல்லை. பெயரில்தான் எலி இருக்கிறது. மண்புழுவும் புழுக்களும் பூச்சிகளும்தான் அதன் இரை. தன் உடல் எடையில் 70 முதல் 100 விழுக்காடு வரை ஒரே நாளில் தின்றுவிடும். அதன் முன் தானியத்தைக் கொட்டினால் தொடாமல் போய்விடும். தொடுவது குருவிகளும் புறாக்களும்தான். வேர்ப்புழுவைக் கொன்றாலும் முதன்மை இரையான மண்புழு மண்ணுக்குள் இருக்கும்வரை அது போக வேண்டிய அவசியம் இல்லை. அதிர்வுக் குச்சியின் அடியிலிருந்து இரண்டு சாண் தள்ளி, மறு வாரமே புது மேடு எழும்பியதை நானே பார்த்தேன். அகழெலிக்கென்று மண்புழு வடிவில் செய்த நஞ்சு இரைகளும் உண்டு. அவர் அதைக் கொண்டுவரவில்லை. எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகிற அதே தானிய மூட்டையைத்தான் எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

மூன்றாம் முறை இரண்டு ஈட்டிப் பொறிகளோடு வந்து, நடுப்புல்லில் இருந்த மண்குவியல்களின் மேலேயே குத்தி நிறுத்தினார். இரண்டு நாள் கழித்து வந்து பொறிகளை எடுத்துப் பார்த்தார். பிறகு வண்டிக்குப் போய்த் திரும்பினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், செத்துப்போன சிறு பிராணி. "பிடித்துவிட்டோம் மேடம்" என்றார். எனக்கு அருவருப்பாக இருந்ததால் பையைத் திறக்கச் சொல்லவில்லை. கணவரிடம் காட்டுவதற்காக வெளியிலிருந்தபடியே ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு பிராணிக்கான கட்டணத்தைக் கொடுத்தேன். அன்று மாலையே வேலி ஓரத்தில் மேடு புதிதாக எழுந்திருந்தது.

"குடும்பத்தில் மற்றவை இருக்கின்றன" என்று தொலைபேசியில் சொன்னார்கள். மறுநாள் நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்து ஐந்து பொறிகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே மூடி இல்லை, பக்கத்தில் ஒரு கொடியோ குச்சியோ இல்லை, கதவில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அடுத்த நாள் விடியற்காலையில், இருட்டு முழுவதும் விலகாத நேரத்தில், அப்பாவின் கால் ஒன்றில் இடித்தது. டக்கென்று சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். செருப்பு தரையோடு தைக்கப்பட்டிருந்தது. காலை உருவிக்கொள்ளச் சொன்னேன். அவருக்குக் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. "எனக்கு ஒன்றும் இல்லையம்மா, ஒன்றும் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் குழந்தைகள் அந்தப் புல்லில்தான் உருண்டு விளையாடுவார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நிறுவனத்துக்கு அழைத்துக் கத்தினேன். மன்னிப்புக் கேட்டார்கள். கேட்ட கையோடு, "பொறியே வேண்டாம் மேடம், வளைக்குள் வாயு மாத்திரை போட்டுவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும்" என்றார்கள்.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அவர்கள் சொன்னது அலுமினியம் பாஸ்பைடு. மண்ணின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பின் வாயு வெளியேறும். அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. வளை எங்கே போகிறது என்று மேலிருந்து பார்த்துத் தெரியாது. வீட்டு அடித்தளத்தின் விரிசல் வரை அது போகலாம், வாயுவும் கூடவே போகும். 2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள லேட்டன் என்ற ஊரில் இப்படித்தான் நடந்தது. புல்தரையில் வளை தோண்டும் எலிகளுக்காக வீட்டருகே இந்த மாத்திரைகளைப் போட்டார்கள். அந்த வீட்டின் இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடியிருப்புகளின் அருகே வளைகளில் இதைப் போடக் கூடாது என்று தடை விதித்தது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பணம் கொடுத்து வரவழைத்த ஆட்கள் வீட்டுக்குள் எலிமருந்து வைத்துவிட்டுப் போன பிறகு இரண்டு குழந்தைகள் இறந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். வீட்டுப் புல்லுக்கு வாயு மாத்திரை என்று யார் சொன்னாலும், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லுங்கள். மருந்தின் பெயரை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வாசலைத் தாண்டி உள்ளே விடாதீர்கள்.

ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டேன். அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெரியம்மா அப்பாவைப் பார்க்க வந்தார். மண்ணோடு வாழ்ந்தவர், தோட்ட வேலையில் அவர் அறியாதது குறைவு. நடந்ததையெல்லாம் சொல்லி, கைப்பேசியில் அந்தப் பையின் படத்தையும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இதற்குக் காது இருக்கிறதே?"

எனக்குப் புரியவில்லை.

"அகழெலிக்கு வெளியே காது தெரியாது. கண்ணும் மயிருக்குள் புதைந்துதான் இருக்கும். இதன் கையைப் பார், சுண்டெலிக் கை. வாலைப் பார், எவ்வளவு நீளம். இது வயல் எலி. அதுவும் பொறியில் மாட்டியது இல்லை. ஈட்டி இறங்கிய காயம் எங்கே இருக்கிறது?"

காயமே இல்லை. இத்தனை நாளும் அந்தப் படம் என் கைப்பேசியில் இருந்திருக்கிறது. நான் ஒருமுறைகூட உற்றுப் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து எடுத்து வந்த பிணத்துக்குக் கட்டணம் கொடுத்திருக்கிறேன். இதே பை எத்தனை வீடுகளுக்குப் போய்வந்ததோ.

பெரியம்மா எங்களை மேடு மேடாக அழைத்துப்போய் மிதிக்கச் சொன்னார். பத்து இடங்களில் பாதம் அகலத்துக்கு மிதித்து அமுக்கி, பக்கத்தில் ஒவ்வொரு குச்சி நட்டோம். மறுநாள் காலையில் பார்த்தால் எட்டு இடங்கள் அமுக்கியபடியே கிடந்தன. வேலியை ஒட்டி நேர்கோடாகப் போன மேட்டில் மட்டும் இரண்டு இடங்கள் மீண்டும் எழும்பியிருந்தன. வளைந்து வளைந்து போகிறவை பெரும்பாலும் ஒருமுறை இரை தேடிவிட்டுக் கைவிட்ட வளைகள் என்றார். வேலி, சுவர், நடைபாதை ஓரமாக நேராகப் போவதுதான் அது தினமும் போய்வரும் பாதை. அந்த நிறுவன ஆள் ஒருநாளும் மிதித்துப் பார்க்கவில்லை. மண்குவியல் என்பது தோண்டிய மண்ணை வெளியே தள்ளிய இடம்; அதன் மேல் பொறி வைத்துப் பயனில்லை.

பெரியம்மாவிடம் ஒரு பழைய கத்தரிப் பொறி இருந்தது. உயிரோட்டமுள்ள அந்தப் பாதையில் ஒரு சாண் நீளத்துக்கு மண்ணை அமுக்கி, வளையின் இருபுறமும் தாடைகள் இறங்கும்படி பொறியை வைத்தார். அமுக்கிய மண்ணை அகழெலி மறுபடி உயர்த்தும்போது நடுத்தகடு எழும்பிப் பொறி விழும். வைத்து முடித்ததும் முதல் வேலையாக மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் செங்கல் வைத்தார். குழந்தைகள், நாய், பூனை, வயதானவர்களின் கால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாளி போதும். எங்களுக்காக அப்படி ஒரு வாளியைக் கவிழ்க்கக்கூட அந்த நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. இரண்டு மூன்று நாளில் விழாவிட்டால் இடத்தை மாற்ற வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள் விழுந்தது. ஒன்றே ஒன்று. கையுறை போட்டு நானே எடுத்தேன், இந்த முறை பார்க்க வேண்டும் என்று. கறுப்பு வெல்வெட் போன்ற ரோமம், எந்தப் பக்கம் தடவினாலும் படிந்தது. முன் கைகள் உடம்புக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு அகலமாக, உள்ளங்கை வெளிப்புறம் திரும்பி, மண்வெட்டி போல இருந்தன. காது இல்லை. எங்கள் புல்லில் மேடு எழுப்பியதைத் தவிர அது யாருக்கும் கெடுதல் செய்யாத உயிர். வேர்ப்புழுக்களைத் தின்று மண்ணைப் பொலபொலப்பாக்குவது. அப்பாவின் நடை இல்லாவிட்டால் அதை விட்டிருப்பேன். உங்கள் புல்லில் நடக்கத் தடுமாறுகிறவர்கள் யாரும் இல்லை என்றால், மேட்டை மிதித்துவிட்டு அதை அதன் போக்கில் விடுவதைப் பற்றியும் யோசியுங்கள். அதற்குப் பிறகு எங்கள் புல்தரையில் ஒரு மேடும் எழவில்லை. "பதினைந்தில்" ஒன்றுதான் இருந்தது.

பொறி வைக்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் அகழெலி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அனுமதி இல்லாமல் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. பிரிட்டனில் அகழெலிக்கு வைத்துவந்த ஸ்ட்ரிக்னின் நஞ்சை 2006இல் தடை செய்துவிட்டார்கள். இதையெல்லாம் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்வது தொழில் செய்கிறவரின் கடமை. எங்களுக்கு ஒரு சொல்கூட யாரும் சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். பையில் இருந்ததன் படத்தையும் நாங்கள் பிடித்த அகழெலியின் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து அனுப்பினேன். பதில் வந்தது: ஒப்பந்தத்தில் உள்ள "நிலத்தடிப் பிராணிகள்" என்பதில் வயல் எலியும் அடங்குமாம், ஆகவே பிடித்த பிராணிக்கான கட்டணம் சரியானதாம். செருப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இப்போது நுகர்வோர் முறையீட்டுக்கு ரசீதுகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆளிடம் இதே பையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அப்போது எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காதைப் பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள், முறையீட்டோடு சேர்த்துக்கொள்கிறேன்.

அப்பா இப்போது சிமெண்டுப் பாதையில்தான் நடக்கிறார். புல்லில் பொறி எதுவும் இல்லை என்று தினமும் சொல்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் பாதையிலேயே நடக்கிறார்.