விருப்பப் பாடம்: வாத்திய இசையா, நிரலாக்கமா?

ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு விருப்பப் பாடத்துக்குத்தான் இடம் என்றால், பல பெற்றோர் யோசிக்காமல் நிரலாக்கத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எதிர்காலமே அதில்தான் என்ற நினைப்பு. நான் கொஞ்சம் தயங்குவேன்.

நிரலாக்கத்தைப் பிறகும் தொடங்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட, சிறுவர்களுக்கான நிரலாக்க மென்பொருளான ஸ்கிராட்ச் இன்றும் இலவசம். கணினியும் ஆர்வமும் இருந்தால் வீட்டிலேயே சிறு விளையாட்டு ஒன்றை உருவாக்கிப் பார்க்கலாம். பிழை வந்தால் திருத்தி மறுபடி ஓட்டலாம். யாரும் காத்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

பள்ளியின் வாத்தியக் குழு அப்படியல்ல. கிளாரினெட்டில் உதடும் மூச்சும் பழகவே மாதங்கள் ஆகும். முதலிலேயே சேராதவர், மற்றவர்கள் தேறிவிட்ட எட்டாம் வகுப்பில் உள்ளே நுழைவது கடினம். பலர் சேர்ந்து ஒரே தாளத்தில் வாசிக்கும் அனுபவமும் தனியாக அமர்ந்து பழகினால் வராது. செலவு உண்டு, கருவியைப் பள்ளியே இரவல் தருமா என்று முதலில் கேளுங்கள். தினசரிப் பயிற்சிச் சத்தத்தை அக்கம்பக்கமும் தாங்க வேண்டும்!

பிள்ளைக்கு இசையில் நாட்டமே இல்லையென்றால் இந்த வாதம் செல்லாது, நிரலாக்கத்துக்கே போகட்டும். இரண்டுக்கும் நடுவில் ஊசலாடினால், இசையை இப்போதே எடுத்து, நிரலாக்கத்தை விடுமுறைக்கு ஒதுக்கச் சொல்வேன்.